நிழல் சுவரில் எந்தக் கொடியை ஏற்றலாம்?

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும், பண்ருட்டியை ஒட்டி வளரும் புது நகர்களிலும் எழும் வீடுகளுக்குப் பெரும்பாலும் ஒரே அமைப்பு. மனையில் முக்கால் பங்குக்கு மேல் வீடு. முன்னால் வண்டி நிறுத்தக் கொஞ்சம் இடம். பக்கவாட்டில் மூன்றடிச் சந்து, அதை ஒட்டி ஆறடிக் காம்பவுண்டுச் சுவர். தோட்டம் போட ஆசைப்படுகிறவருக்கு அந்தச் சந்தும் சுவரும்தான் மிச்சம். மேலே சன்ஷேடு மறைக்கிறது. பக்கத்தில் அடுத்த வீட்டு மாடி மறைக்கிறது. சில வீடுகளில் பழைய பலாமரம் ஒன்று மொத்தக் கொல்லையையும் மூடி நிற்கிறது. இங்கே என்ன விளையும் என்று கைவிட்டுவிட்டு, உடைந்த நாற்காலியையும் மிச்ச டைல்ஸையும் அடுக்கி வைத்துவிடுகிறோம்.

இப்படிக் குடியேறுகிறவர்களில் நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய பிறகு எழுந்த நகரியத்தில், வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய குவார்ட்டர்ஸ்களில் முன்னும் பின்னும் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். திறந்த வெயிலில் பந்தல் போட்டுப் புடலையும் பீர்க்கும் சுரையும் காய்க்க வைத்துப் பழகியவர்கள், அதே விதையை இந்தச் சந்திலும் ஊன்றுகிறார்கள். கொடி கிடுகிடுவென்று ஏறுகிறது. இலை அகலமாக விரிகிறது, கணுவுக்குக் கணு இடைவெளி நீள்கிறது. பூத்தாலும் ஆண்பூவாகப் பூத்து உதிர்கிறது. பிஞ்சு பிடித்தால் மஞ்சளாகிச் சுருங்குகிறது. விதைக்காரரைத் திட்டுகிறோம், மண்ணைக் குறை சொல்கிறோம், உரத்தைக் கூட்டுகிறோம். உரம் கூடக் கூட இலைதான் பெருக்கிறது.

காய் வேண்டுமென்றால் கொடிக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். புடலை, பீர்க்கு, பாகல், சுரை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. கடலூர் சாலையில் பக்கத்திலேயே இருக்கும் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் தந்த புடலை ரகங்களும் திறந்த வயலுக்கும் பந்தலுக்கும் உருவானவைதான். நிழலில் நட்டுவிட்டு ரகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் நாம் உண்பது காயை மட்டுமா? இலையை உண்கிறோம், தண்டை உண்கிறோம், மிளகு போன்ற காரச் சரக்கை உண்கிறோம். இலைக்கும் தண்டுக்கும் பாதி வெயில் போதும். சிலவற்றுக்கு முழு வெயில் பட்டால் கேடு. நிழல் சுவர் கீரைக்கும் வெற்றிலைக்கும் மிளகுக்கும் உரிய சுவர். இதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, அந்த நிழல் எப்படிப்பட்டது என்று பார்ப்பது.

நம் ஊர்ச் சூரியனின் கணக்கு

குளிர்நாடுகளில் எழுதிய தோட்டப் புத்தகங்கள் வடக்குப் பார்த்த சுவரை ஆண்டு முழுக்க நிழல் சுவர் என்கின்றன. அவர்கள் ஊரில் அது சரி. திருவதிகை ஏறத்தாழ 11¾ பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து ஒரு வாரத்தில், ஏப்ரல் 21-ஐ ஒட்டி, உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. அதன்பின் வடக்கே நகர்ந்து, ஆவணித் தொடக்கத்தில், ஆகஸ்ட் 22 வாக்கில், மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே போகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் காலை முதல் மாலை வரை சூரியன் நமக்கு வடபுறத்தில்தான் இருக்கிறது.

இதன் பொருள் என்ன? கத்திரி வெயில் காலத்தில் வடக்குப் பார்த்த சுவர் வெயிலில் நிற்கிறது, தெற்குப் பார்த்த சுவர் நிழலில் நிற்கிறது. ஐப்பசியிலிருந்து மாசி வரை இது தலைகீழ். மார்கழி உச்சிவேளையில் ஆறடிச் சுவரின் நிழல் வடக்கே நாலடிக்கு மேல் நீள்கிறது. மூன்றடிச் சந்தின் தரை முழுக்க அதில் அடங்கிவிடும். ஆனியில் அதே சுவரின் நிழல் தெற்கே ஒன்றேகால் அடிதான். ஆகவே நிழல் சுவர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆறு மாதத்து நிழல்தான். எந்த ஆறு மாதம் என்பது, சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது.

அவரைக்கொடி இதற்கு நல்ல சாட்சி. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறோம். நாட்டுப் பந்தல் அவரை, பகல் குறுகிப் பனி இறங்கினால்தான் பூக்கும். கார்த்திகை, மார்கழி, தை அதன் காலம். அதை வடக்குப் பார்த்த சுவரில் ஏற்றினால் ஆடியிலும் ஆவணியிலும் வெயில் கிடைத்து அமோகமாகப் படரும். பூக்கவேண்டிய மார்கழியில் சூரியன் தெற்கே போயிருக்கும், சுவர் இருட்டில் கிடக்கும். இலை நிறைய இருந்தும் காய் இல்லாமல் போகும் அவரைகளில் பல இப்படி வடக்குச் சுவரில் மாட்டிக்கொண்டவை. அதே விதை தெற்குப் பார்த்த சுவரில் நின்றால் பூக்கும் பருவத்தில் உச்சி வெயில் முகத்தில் அடிக்கும். வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் இடையே மூன்றடிதான் என்றால்கூட, மார்கழி உச்சியில் வீட்டுச் சுவரில் தரையிலிருந்து இரண்டடிக்கு மேலே வெயில் விழும். அடுத்த மனையில் ஒற்றை மாடி இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு. அவர்கள் மேலே ஒரு தளம் எடுத்துவிட்டால் அவரையை மறந்துவிட வேண்டியதுதான்.

கிழக்குச் சுவருக்குக் காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கும். சிறு தோட்டத்துக்கு இதைவிட நல்ல சுவர் இல்லை. மேற்குச் சுவர் முரடு. பகல் முழுக்க நிழலாக இருந்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் அடிக்கும் வெயிலைச் செங்கல் குடித்து வைத்துக்கொண்டு இரவு எட்டு மணி வரை சூட்டைக் கக்கும். மெல்லிய இலைகள் அங்கே வதங்கும்.

ஒரு சோதனையும் செய்துபார்க்கலாம். உச்சிவேளையில் செடி வைக்க நினைக்கும் இடத்தில், தரைக்கு ஓரடி மேலே உள்ளங்கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் அங்கே காய்க்கொடிக்கே இடமுண்டு. விரல் தெரியாமல் கலங்கலாக ஒரு கை நிழல் விழுந்தால் கீரைக்கொடியும் வெற்றிலையும் மிளகும் வளரும். நிழலே விழவில்லை என்றால் எந்தக் கொடியையும் அங்கே வதைக்க வேண்டாம். ஆனியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை பார்த்துவிட்டால் சுவரின் முழு ஆண்டுக் கணக்கும் கையில் வந்துவிடும்.

மர நிழல் வேறு மாதிரி. முருங்கையும் வேம்பும் சல்லடை நிழல் தரும். அதன் கீழே எதுவும் பிழைக்கும். பலா ஆண்டு முழுக்க அடர்ந்த இலையோடு நிற்கும் மரம். அதன் வேர் பக்கத்து ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். பண்ருட்டிப் பக்கத்தில் இந்த நிழல் எவ்வளவு பெரிய சொத்து என்பது 2011 டிசம்பர் 30 அன்று தெரிந்தது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்டது. தலைமுறை தலைமுறையாக நிழலில் இருந்த கொல்லைகள் ஒரே காலையில் வெட்டவெளியாயின. மரத்தை நம்பி ஏற்றிய கொடிகளும் மரத்தோடு போயின. அதன்பின் நட்ட கன்றுகள் இப்போது மறுபடி நிழல் கொடுக்கும் வயதுக்கு வந்திருக்கின்றன.

வெற்றிலை: நிழலுக்கென்றே பிறந்தது

நிழலில் பயிர் செய்வது நமக்குப் புதிதல்ல. கொடிக்கால் என்பதே நிழல் விவசாயம்தான். முதலில் அகத்தியை வரிசையாக விதைத்து, அது ஆள் உயரம் நெருங்கி நிழல் விழத் தொடங்கிய பிறகுதான் வெற்றிலைக் கொடியை அதனடியில் வைப்பார்கள். அகத்திதான் குடை, அகத்திதான் கொம்பு. இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை வாழைநாரால் கொடியை அகத்தியோடு கட்டிவிடுவார்கள். கொடி எட்டாத உயரத்துக்குப் போனதும் அவிழ்த்துக் கீழே இறக்கி, அடிக்கொடியை மண்ணில் சுருட்டிப் புதைத்து, நுனியை மறுபடி ஏற்றுவார்கள். புதைந்த ஒவ்வொரு கணுவும் வேர் விடும், கொடி மறுபடி இளமையாகும். சோழவந்தான் வெற்றிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அந்தப் பெருமைக்குப் பின்னால் இந்தக் கைவேலை முழுவதும் இருக்கிறது.

ஒரு சுவருக்கு இதைச் சுருக்கிக்கொள்ளலாம். கற்பூரி, வெள்ளைக்கொடி, பச்சைக்கொடி என்று எது கிடைத்தாலும் சரி. கற்பூரிக்குக் காரம் குறைவு, மணம் மெல்லியது, வீட்டுச் சமையலுக்கு ஏற்றது. நாலைந்து கணுவுள்ள கொடித்துண்டில் இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். ஒவ்வொரு கணுவிலும் இலைக்காம்புக்கு எதிரே பழுப்பாகச் சின்னச் சின்ன வேர்கள் தூரிகை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதைக் கிட்டப் பார்த்தால் தெரியும். அவைதான் கொடிக்குக் கை. பெயின்ட் அடித்த வழவழப்பான சுவரில் அவற்றுக்குப் பிடி கிடைக்காது. சுண்ணாம்பு அடித்த சுவரில் பொருக்கு உதிரும், பிடித்த வேரும் கழன்றுவிடும். சவுக்குக் கம்பு ஒன்றில் கோணிச்சாக்கைச் சுற்றியோ, தேங்காய்மட்டையை வைத்துக் கட்டியோ சுவரோரம் நட்டு, தினமும் அதன்மேலும் தண்ணீர் தெளித்தால் வேர் தானே பற்றிக்கொள்ளும்.

திசையில் நான் தெற்குப் பார்த்த சுவருக்கே முதலிடம் கொடுப்பேன். கேட்பவர்கள் வியப்பார்கள். ஆனால் மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள்: வெற்றிலை கருகும் கத்திரிக் காலத்தில் அந்தச் சுவர் நிழலில் இருக்கிறது, மழையும் பனியுமாக இலை முடங்கும் கார்த்திகை, மார்கழியில் இளவெயில் கிடைக்கிறது. பங்குனிக் கடைசி மட்டும் கொஞ்சம் பொல்லாதது, ஒரு பழைய வேட்டியைக் கட்டி மறைத்தால் தாண்டிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் வெற்றிலை அழுத்தக்காரி. மண் எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் சந்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அடித்தண்டு கறுத்து அழுகி, மேலே இலை பச்சையாக இருக்கும்போதே தொங்கிவிடும். அதனால் தரைமட்டத்துக்கு அரையடி மேலே மண்ணைக் கூட்டித்தான் நடவேண்டும். குளியலறைச் சோப்புத் தண்ணீரை அதன் வேரில் திருப்பிவிடக் கூடாது. கொடி நாலடி ஐந்தடி தாண்டியதும், பக்கக் கிளையில் முற்றிய இலையைக் காம்போடு கிள்ளத் தொடங்கலாம். தாம்பூலத்துக்கு மட்டும்தானா என்று கேட்க வேண்டாம். பாக்கும் புகையிலையும் சேராத வெற்றிலைக்கு அடுப்பங்கரையில் நிறைய வேலை இருக்கிறது: மிளகு சீரகத்தோடு தட்டிப்போட்ட ரசம், பூண்டோடு வதக்கிப் பிசைந்த சோறு, மழைக்காலத்தில் மாவில் தோய்த்த பஜ்ஜி.

மிளகு இதன் நெருங்கிய உறவு. மலைப்பயிர் என்ற எண்ணம் இன்னும் பலருக்குப் போகவில்லை. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்து வடகாட்டுப் பக்கமும், நம் பண்ருட்டிப் பக்கமும் சமவெளி உழவர்கள் மரத்தில் மிளகை ஏற்றிக் காய் பறித்துக் காட்டியிருக்கிறார்கள். பலாவின் சொரசொரப்பான பட்டை மிளகுக்கு நல்ல பிடி. நிழல் அதற்குத் தொல்லையில்லை. கொல்லையில் பலா இருந்தால் சுவரை விட்டுவிட்டு மரத்திலேயே ஏற்றிவிடுங்கள். சுவர்தான் இருக்கிறது என்றால் இரண்டு வழி உண்டு. கரிமுண்டா, பன்னியூர் 5 போன்ற நிழல் தாங்கும் ரகத்தைக் கம்பத்தில் ஏற்றுவது ஒன்று. பேர் பெற்ற பன்னியூர் 1, உலகின் முதல் கலப்பின மிளகு. அதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், சந்துக்கு ஆகாது. மற்றொரு வழி குற்றுமிளகு. காய்க்கும் பக்கக் கிளையை வெட்டி வேர்விடச் செய்த கன்று இது. ஏறாது, தொட்டியிலேயே புதராக நின்று ஒரு வருடத்துக்குள் சரம் விடும். மழையில் ஈரம் நிற்கும் இடமென்றால் கொலுப்ரினம் என்ற பிரேசில் திப்பிலி வேரில் ஒட்டுக்கட்டிய கன்றாகக் கேட்டு வாங்கலாம், வேரழுகல் அண்டாது.

ஏறும் மிளகில் ஒரு நுட்பம் இருக்கிறது. தரையில் ஓடும் கொடியும், பிடியில்லாமல் அந்தரத்தில் தொங்கும் கொடியும் காய்க்காது. கணுவேர் எதையாவது பற்றி மேலே போகும்போதுதான் காய்க்கும் பக்கக்கிளைகள் வெடிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை கொடியைக் கம்போடு சேர்த்துக் கட்டுவதை விட்டுவிடக் கூடாது. மூன்றாம் ஆண்டில் பலன் தெரியும். ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் மொத்தச் சரத்தையும் பறித்து, உதிர்த்து, நாலைந்து நாள் வெயிலில் காயவைத்தால் கறுத்துச் சுருங்கிய மிளகு. பச்சையாக நிறுத்தால் வரும் எடையில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். பொங்கலில் போட அது போதும், பச்சைச் சரத்தை எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டால் மோர்சாதத்துக்கும் ஆயிற்று.

கேட்காமல் கொடுக்கும் கொடிகள்

பிரண்டைக்கு நிழல், வெயில், வறட்சி எதுவும் பொருட்டில்லை. சன்ஷேடுக்குக் கீழே மழைத்துளிகூட விழாத வறண்ட மூலை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். மற்ற கொடி சாகும் இடம் அது. அங்கே பிரண்டையை வையுங்கள். மேற்குச் சுவரின் சூட்டையும் அது தாங்கும். இரண்டு மூன்று கணுவுள்ள துண்டை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை இரண்டு நாள் நிழலில் போட்டுவிட்டுப் பிறகு நடவேண்டும். பச்சையாக நட்டால் அழுகும். நான்கு பட்டையாக, கணுவுக்குக் கணு இடுப்பு ஒடுங்கி வளரும் தண்டு. கணுவில் ஒரு பக்கம் இலை, எதிர்ப்பக்கம் சுருளும் பற்றுக்கம்பி. சணல்கயிறு ஒன்று கட்டிவிட்டால் அதைப் பிடித்து ஏறிவிடும்.

பறிப்பதற்கு நுனியிலிருந்து மூன்று நான்கு கணுவுக்குள்தான் கை வைக்க வேண்டும். வளைத்தால் படக்கென்று ஒடிந்தால் இளசு. நாராக இழுத்தால் முற்றல். கைக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நான்கு பட்டையிலும் நாரை உரித்துவிட்டு, பொடியாக நறுக்கி, எண்ணெயில் பச்சை நிறம் மாறும்வரை நிதானமாக வதக்க வேண்டும். அவசரப்பட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். தண்டில் இருக்கும் ஊசிப் படிகங்கள் செய்யும் வேலை அது. புளியும் வதக்கலும் சேர்ந்தால் அரிப்பு அடங்கும். உளுந்தம்பருப்பு, மிளகாய், புளி, கொஞ்சம் தேங்காய் வைத்து அரைத்த பிரண்டைத் துவையலைச் சூடான சோற்றில் நல்லெண்ணெயோடு பிசைந்து சாப்பிட்ட வீட்டில் அந்தக் கொடிக்கு இடம் இல்லாமல் போகாது.

கொடிப்பசலைக்குக் கிழக்குச் சுவரே போதும். பாதி நிழலில் அதன் இலை இன்னும் அகலமாக விரியும், இன்னும் மெதுவாக முற்றும். பச்சைத்தண்டு, செந்தண்டு இரண்டும் ஒரே ருசி. சுவருக்கு அழகு செந்தண்டு. கடைக்கட்டில் வந்த தண்டின் அடியை மண்ணில் குத்தினாலே பிழைத்துக்கொள்ளும். பாசிப்பருப்புக் கூட்டுக்கு இரண்டு கொடி இருந்தால் நால்வர் உள்ள வீட்டுக்கு வாரம் ஒருமுறை தாராளம். மழையில் இலையில் சிவப்புப் புள்ளி விழுந்தால் அந்த இலைகளை உடனே கிள்ளி எறிந்துவிட வேண்டும். சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் இந்தக் கீரையை அடிக்கடி சேர்க்காமலிருப்பது நல்லது.

தூதுவளையின் தண்டிலும் இலை நரம்பிலும் வளைந்த முள். அதைப் பிள்ளைகள் ஓடும் வழியில் வைக்காமல் கேட்டுக்கு எதிர்மூலையில் வைக்க வேண்டும். நெஞ்சுச் சளிக்கு நம் பாட்டிமார் கை முதலில் போன இடம் அது. முடக்கறுத்தானையும் முசுமுசுக்கையையும் பெரும்பாலும் நட வேண்டியதே இல்லை. ஐப்பசி மழையில் வேலியோரம் தானே முளைக்கும். களை என்று பிடுங்காமல் ஒரு குச்சி நட்டுவிட்டால் போதும். முதலாவது தோசைமாவுக்கு, இரண்டாவது அடைக்கு. கோவையில் காய் வேண்டுமென்றால் வெயில் வேண்டும். நிழலில் அதன் இளந்தளிர் கீரையாகும். கன்று வாங்கும்போது காய்த்த பெண்கொடியிலிருந்து வெட்டிய தண்டாகக் கேட்டு வாங்குங்கள். அரை வெயிலில் காய்ப்பவற்றில் நான் நம்புவது தம்பட்டங்காயை. பிஞ்சாக இருக்கும்போது நறுக்கி நன்றாக வேகவைத்துப் பொரியல் செய்யலாம். முற்றிய விதையில் நச்சுத்தன்மை உண்டு, அதைத் தொட வேண்டாம்.

திப்பிலி ஏறுவதைவிடத் தரையில்தான் படரும், மிளகுக்கம்பின் அடியை மூட நல்லது. சௌசௌ கொடைக்கானலுக்கு உரியது, இங்கே பணத்தை வீணாக்க வேண்டாம்.

சுவரடியில் செய்யவேண்டியது

அப்பர் பெருமானை உழவாரப்படை இல்லாமல் எந்தச் சிற்பியும் வடிப்பதில்லை. அவர் சூலைநோய் தீர்ந்த தலம் திருவதிகை. தமக்கை திலகவதியார் கோயிலைப் பெருக்கி மெழுகித் தொண்டு செய்த ஊரும் இதுவே. புல் செதுக்கி நிலத்தைத் துப்புரவு செய்வதையே வழிபாடாகக் கொண்ட மரபு இந்த ஊருக்கு உண்டு. சுவரில் கொடி வைக்கவும் முதலில் அந்த வேலைதான் வேண்டும்.

புது வீட்டுச் சுவரடியில் இருப்பது மண்ணல்ல. ஜல்லி, உடைந்த செங்கல், கொட்டிக் காய்ந்த சிமென்ட் கலவை. அதில் காரம் ஏறியிருக்கும். வெற்றிலையும் மிளகும் இலை வெளுத்து நிற்கும். ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம் தோண்டி எல்லாவற்றையும் வெளியே எறிந்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் சரிபாதி, கெடில ஆற்றுப்பக்கத்து வண்டல் கிடைத்தால் ஒரு கூடை, அது கெட்டியாகாமலிருக்கக் கொஞ்சம் மணல் என்று கலந்து நிரப்ப வேண்டும். குழி சுவரின் கடைக்காலை விட்டு ஓரடி தள்ளியிருக்கட்டும். மேலே மூடாக்குக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை: பலாச் சருகும் முந்திரிச் சருகும் மூட்டை கட்டி அள்ளிக்கொள்ளலாம்.

கொடியை நேராகச் சுவரில் படரவிடாதீர்கள். சவுக்குக் கம்பிலோ வெல்டு மெஷ்ஷிலோ ஒரு சட்டம் செய்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். காற்று புகும், சுவர் காயும், பூச்சி பிடித்தால் கை நுழையும். சட்டத்தை ஆணியடித்து இறுக்காமல் கயிற்றால் கட்டினால் புயல் எச்சரிக்கை வந்ததும் அவிழ்த்துக் கொடியோடு தரையில் சாய்த்துவிடலாம். கடலோர மாவட்டத்தில் இருக்கிறோம், கார்த்திகை வந்தால் இதை மறக்கக் கூடாது. கொடி ஏறினால் பாம்பு வரும் என்று அஞ்சுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும். கீழே ஓரடிக்கு இலையைக் கிள்ளிவிட்டு, சுவரடி தெரியும்படி வைத்து, உடைந்த டைல்ஸ் குவியலை அப்புறப்படுத்தினால் அதற்கு ஒளிய இடமிருக்காது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கினால் கொசு பெருகும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நர்சரியில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வெற்றிலை, மிளகு, மணி பிளாண்ட் மூன்றும் சின்னக் கன்றில் அசப்பில் ஒன்றுபோலவே இருக்கும், பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் வைத்திருப்பார்கள். இலை ஓரத்தைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். முதல் இரண்டிலும் காரமணம் ஏறும். மணி பிளாண்டில் பச்சை வாடை மட்டும். அது வாயில் பட்டால் எரிந்து வீங்கும். வாயில் வைத்து ருசி பார்த்துக் கண்டுபிடிக்க நினைக்க வேண்டாம்.

வேலியோரம் மழைக்குத் தானே ஏறும் எல்லாக் கொடியும் உணவல்ல. குன்றிமணியின் நெற்று அவரையின் பிஞ்சை நினைவுபடுத்தும். உள்ளே இருக்கும் சிவப்பு மணியில் கொடிய நஞ்சு, ஒரு மணியை மென்று விழுங்கினாலே ஆபத்து. நம் மாநில மலரான செங்காந்தள் இலைநுனியையே சுருட்டிப் பற்றி ஏறும். அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணி வேகவைத்து உண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த இரண்டும் இருக்கவே கூடாது. காவள்ளிக்கிழங்கு ஏற்ற நினைத்தால், அதிலும் கசக்கும் காட்டுவகை உண்டு. தெரிந்த வீட்டில் சமைத்து உண்ணும் கொடியிலிருந்து விதைக்காய் வாங்குவதே பாதுகாப்பு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நட வேண்டாம். வெற்றிலையும் மிளகும் ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ மண்ணுக்குப் போனால், ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். புரட்டாசி தாண்டினால் தை வரை பொறுத்திருப்பது மேல். பிரண்டையை மழை நின்ற தை, மாசியில் நடுங்கள். பசலைக்குக் காலம் பார்க்க வேண்டாம். முதல் ஆண்டில் பசலைதான் சாப்பாட்டுக்கு வரும், பிரண்டை அடுத்த தையில், வெற்றிலை அதையொட்டி. மிளகுக் கொடியில் மூன்றாம் ஆண்டுக்கு முன்னால் சரம் வந்தால் கிள்ளிவிடுங்கள், கொடி முதலில் உயரட்டும்.